வண்டி யார் பெயரில்?

(நமது சங்கத்தின் மாதாந்திர ஞாயிறு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலர் விரும்பியதால் எழுத்தில் தருகிறோம்.)



நான் வழக்கறிஞன் அல்ல. பம்பாய்த் துறைமுகத்திலும் பிறகு ஒரு கிடங்கிலுமாக முப்பத்தெட்டு ஆண்டுகள் மூட்டைக் கணக்கு எழுதியவன். இன்று சட்டம் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள் என்றால், அது நான் படித்த சட்டத்துக்காக அல்ல. பட்ட அடிக்காக. கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். நீங்கள் சுட்டுக்கொள்ளாமல் இருக்கலாம் அல்லவா?

என் தங்கை கணவரை இழந்தவள். கணவர் போன பிறகு, ஏலச்சீட்டு எடுத்த பணத்தையும் காதில் கழுத்தில் கிடந்ததையும் போட்டு, 2021-ல் பழைய டெம்போ ஒன்றை வாங்கினாள். அவள் மகன் ஓட்டினான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றுவது, மார்க்கெட் லோடு அடிப்பது, இப்படித்தான் குடும்பம் ஓடியது. 2024 ஆகஸ்டு மாதம் ஒரு மழை இரவில் ஒருவன் வீட்டுச் சாமான் ஏற்ற வண்டியை அமர்த்தினான். கட்டில், பீரோ, பாத்திர மூட்டை, நாலைந்து பைகள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வழியில் போலீஸ் மறித்தது. பைகளில் ஒன்றில் ஏழு கிலோ கஞ்சா இருந்தது.

அமர்த்தியவனைக் கைது செய்தார்கள். நம் பையனை இரவு முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்து விசாரித்து, காலையில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பின்னால் குற்றப்பத்திரிகையில் அவனைச் சாட்சியாகத்தான் போட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு நாம் தப்பினோம். ஆனால் வண்டி? வண்டியை முத்தேமால் என்று எழுதி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டார்கள். பத்து மாதம் அங்கேயே நின்றது.

அந்தப் பத்து மாதத்தில் ஏழு மாதம் முழுக்க முழுக்க எங்கள் பிழையால் போனது. அந்த ஏழு மாதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தோழர்களே, நமக்குப் போலீஸ் என்றால் பயம். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1966-க்குப் பிறகு ‘மதராசி’ என்று நம்மைக் கைகாட்டித் துரத்திய காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்தவர்கள் நம் அப்பா, அம்மா. ஸ்டேஷன் பக்கம் போகாதே, கோர்ட்டுப் படி ஏறாதே, வம்பை விலைக்கு வாங்காதே என்று சொல்லி வளர்த்தார்கள். அன்று அது பிழைப்புக்கான தந்திரம். இன்று அதே பயம் நம்மைத் தின்கிறது. ‘கோர்ட்டுக்குப் போனால் பையனையும் கேஸில் சேர்த்துவிடுவார்கள்’ என்று தங்கை அழுதாள். ‘தெருவில் தெரிந்தால் அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ என்று உறவுக்காரர்கள் வாயை மூடச் சொன்னார்கள். நானும் மூடினேன்.

இரண்டாவது பிழை, தரகர். நம்மவர்தான், தமிழர்தான். ‘அண்ணே, மேலே சொல்லி ஒரு வாரத்தில் வண்டியை வெளியே எடுத்துத் தருகிறேன்’ என்றார். நாற்பதாயிரம் வாங்கினார். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் நான்கு மாதமாயிற்று. போதைப்பொருள் வழக்கில் பிடித்த வண்டியை எந்த அதிகாரியும் தன் விருப்பத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. விடுவிக்கும் உத்தரவு நீதிமன்றத்தில்தான் பிறக்கும். இந்த ஒரு வரி எங்களுக்குத் தெரிந்திருந்தால் நாற்பதாயிரம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது பிழைதான் எல்லாவற்றுக்கும் மூலம். வண்டி என் தங்கை பெயரில் இல்லை.

இங்கே எத்தனை பேர் தலை குனிகிறீர்கள் என்று பார்க்கிறேன். குனிய வேண்டாம், என் வீட்டுக் கதையும் அதுதானே. வண்டியை விற்றவர் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர். இங்கே முப்பது வருஷம் வண்டி ஓட்டி, வயதானதும் ஊருக்குத் திரும்பியவர். விற்கும்போது 29, 30 என்ற இரண்டு படிவங்களிலும் முறையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நாங்கள்தான் அவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று மூன்று வருஷம் தலையணைக்கு அடியில் கிடந்தன அந்தப் படிவங்கள். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில். இன்சூரன்சும் அவர் பெயரில். ஆகவே போலீஸ் நோட்டீசும் அவர் பெயருக்கே, அம்பாசமுத்திரத்துக்கே போயிற்று. எழுபத்திரண்டு வயது மனிதருக்கு, பம்பாயிலிருந்து, கஞ்சா வழக்கில் விளக்கம் கேட்டு நோட்டீசு!

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். தவணையில் வாங்கிய வண்டியானால், ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவர் உரிமையாளர். 2018-ல் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது: விற்றுவிட்டேன், கைமாறிவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, பதிவேட்டில் பெயர் மாறும்வரை பழையவர்தான் பொறுப்பு. நாம் பணம் கொடுத்தோம், நாம் ஓட்டினோம், நாம் பெட்ரோல் போட்டோம். இருந்தும் கோர்ட்டில் போய் ‘வண்டி என்னுடையது’ என்று சொல்ல என் தங்கையிடம் ஒரு காகிதம் இல்லை.

அப்போது தரகர் ஒரு யோசனை சொன்னார். பழைய தேதி போட்டு ஒரு விற்பனைப் பத்திரம், பழைய முத்திரைத்தாள், இரண்டு சாட்சிக் கையெழுத்து. எல்லாம் தன் கையில் இருக்கிறது என்றார். தோழர்களே, ஒளிக்காமல் சொல்கிறேன்: நான் தலையாட்டினேன். வண்டி மழையில் நனைவதைப் பார்த்த ஆத்திரத்தில் தலையாட்டினேன். காப்பாற்றியவர் ஒரு மராத்திப் பெண் வழக்கறிஞர். சட்ட உதவி மையத்தில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர். காகிதத்தைக் கையில்கூட வாங்காமல் கேட்டார்: ‘இன்று உங்கள் பையன் சாட்சி. நாளை இந்தக் காகிதம் பொய் என்று தெரிந்தால் அவன் யார்?’ அத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டோம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். அந்த அம்மையார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் மொழியில் சொல்கிறேன்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. நாம் என்.டி.பி.எஸ். என்று சொல்கிறோமே, அதுதான். அதன் 60-வது பிரிவு, போதைப்பொருள் ஏற்றிச் செல்லப் பயன்பட்ட வண்டி பறிமுதலுக்கு உரியது என்கிறது. ஆனால் அதே பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. உரிமையாளர் மூன்று பேருக்காக நிரூபிக்க வேண்டும்: தனக்காக, தன் ஏஜெண்டு யாராவது இருந்தால் அவருக்காக, அப்போது வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்காக. அந்த மூவருக்கும் தெரியாமலும், அவர்களுடைய உடந்தை இல்லாமலும் வண்டி அப்படிப் பயன்பட்டது. தடுக்க வேண்டிய நியாயமான முன்னெச்சரிக்கைகளை மூவரும் எடுத்திருந்தார்கள். இவ்வளவையும் காட்ட வேண்டும்.

கவனியுங்கள். சாதாரண வழக்கில் குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும். இங்கே வண்டியைப் பொறுத்தவரை, ‘எனக்குத் தெரியாது’ என்று நிரூபிக்கும் பாரம் ஏழை உரிமையாளர் தலையில். ‘தெரியாது’ என்பதை எப்படி நிரூபிப்பது? அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

63-வது பிரிவு பறிமுதல் முறையைச் சொல்கிறது. பறிமுதலா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாலும் விடுதலை கிடைத்தாலும், வண்டியைப் பற்றி நீதிமன்றம் தனியாக முடிவு செய்யும். பிடித்த நாளிலிருந்து ஒரு மாதம் முடியும் முன்பு பறிமுதல் உத்தரவு போடக்கூடாது. வண்டியில் உரிமை கோருகிறவரைக் கேட்காமலும் போடக்கூடாது. உரிமை கோராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நம்மை யார் தேடி வந்து கேட்பார்கள்?

இரண்டு கட்டங்கள் உண்டு என்பதை மனதில் வையுங்கள். ஒன்று, வழக்கு நடக்கும்போதே வண்டியை இடைக்காலமாகத் திரும்பப் பெறுவது. இந்த ஊர்க் கோர்ட்டு மொழியில் சுபுர்த்நாமா என்பார்கள். மற்றொன்று, வழக்கின் முடிவில் பறிமுதலா இல்லையா என்ற தீர்ப்பு. முதலாவது கிடைத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது.

இடைக்காலமாகக் கேட்க எந்தச் சட்டம்? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அவை 497, 503. சொத்து நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாளில் அதன் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், அதன்பின் 30 நாளில் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும் என்று புதிய 497-வது பிரிவு கெடு வைக்கிறது. கெடு எழுத்தில் இருக்கிறது. அதை நடப்புக்குக் கொண்டுவர யாராவது மனு போட்டுக் கேட்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 2002 அக்டோபர் 1-ல் குஜராத்திலிருந்து வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பிடித்த பொருள்களை ஸ்டேஷனில் நீண்ட நாள் வைத்திருக்கக்கூடாது, பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்றது. வண்டிகளை வருஷக்கணக்கில் ஸ்டேஷனில் நிறுத்திவைத்துப் பயனில்லை, தக்க பாண்டும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம் என்றது. ஆனாலும் ‘அது மற்ற வழக்குகளுக்கு, போதைப்பொருள் வழக்குக்குப் பொருந்தாது’ என்று பல நீதிமன்றங்கள் மறுத்து வந்தன.

2025 ஜனவரி 7-ல் அஸ்ஸாம் லாரி வழக்கில் அதற்கும் பதில் வந்தது. கடன் வாங்கி வாங்கிய லாரி. அதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. லாரியில் ஏறிய ஒருவனிடம் சோப்பு டப்பாக்களில் ஹெராயின் அகப்பட்டது. லாரிக்காரர்மீது குற்றச்சாட்டு இல்லை. இடைக்காலத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க என்.டி.பி.எஸ். சட்டத்தில் தடை ஏதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கு நிலைமைகளையும் பிரித்துக் காட்டியது. உரிமையாளரிடமே சரக்கு அகப்படுவது ஒன்று. அவருடைய டிரைவர், கிளீனர் போன்ற ஏஜெண்டிடம் அகப்படுவது இரண்டு. திருடப்பட்ட வண்டியில் அகப்படுவது மூன்று. உரிமையாளருக்குத் தெரிந்து நடந்தது என்ற குற்றச்சாட்டே இல்லாமல், வண்டியில் ஏறிய வேற்றாளிடம் அகப்படுவது நான்கு. முதல் இரண்டிலும், நிரூபிக்கும் பாரத்தை உரிமையாளர் இறக்கிவைக்கும் வரை, வண்டி பொதுவாகக் கிடைக்காது. கடைசி இரண்டிலும் பொதுவாகக் கொடுத்துவிட வேண்டும். இது எல்லா வழக்குக்கும் கண்ணை மூடிப் போடும் சூத்திரம் அல்ல. ஒவ்வொரு வழக்கின் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று முதலில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நம் வண்டி வெளியே வந்த பிறகு, 2025 அக்டோபரில், தமிழ்நாட்டு லாரிக்காரர் ஒருவர் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. சத்தீஸ்கரிலிருந்து இராணிப்பேட்டைக்கு இரும்பு ஏற்றி வந்த லாரியில் கஞ்சா பிடிபட்டது. 2022-ல் வந்த விதிகளின்படி வண்டியை அப்புறப்படுத்தும் அதிகாரம் ஒரு குழுவுக்குப் போய்விட்டது, நீதிமன்றத்தால் விடுவிக்க முடியாது என்று கீழே மறுத்திருந்தார்கள். விதிகள் சட்டத்தை மீற முடியாது, சிறப்பு நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இனி உங்களிடம் யாராவது ‘போதைப்பொருள் கேஸில் வண்டி கிடைக்கவே கிடைக்காது’ என்று சொன்னால், இந்த இரண்டு 2025 தீர்ப்புகளையும் உங்கள் வழக்கறிஞரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

எங்கே மனு போடுவது? மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய போதைப்பொருள் குற்றங்கள் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. அங்கே போட வேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். என்னென்ன வேண்டும்? ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பர்மிட், எப்.சி., டிரைவரின் லைசென்ஸ், எப்.ஐ.ஆர். நகல், பஞ்சநாமா நகல், தவணை இருந்தால் அதன் கணக்கு, உரிமையாளரின் சத்தியப் பிரமாணம். பிரமாணத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: வண்டி என்னுடையது; எனக்கும் ஓட்டியவனுக்கும் தெரியாது; இன்னின்ன முன்னெச்சரிக்கை எடுத்தோம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர், குறைந்த வருமானம் உள்ளோர் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண் என்ற ஒன்றே போதும், வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். தரகருக்கு நாற்பதாயிரம் கொடுத்த எங்களுக்கு, இலவசமாக வந்த அந்த அம்மையார்தான் வழி காட்டினார். வெட்கத்தோடு சொல்கிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பதிவேட்டில் இருப்பவர்தான் வண்டியைக் கேட்க வேண்டும், வேறு வழி இல்லை என்றார் வழக்கறிஞர். நான் ரயிலேறி அம்பாசமுத்திரம் போனேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து அவர் வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அவர் வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘முப்பது வருஷம் அந்த ஊரில் வண்டி ஓட்டினேன். ஒரு நாள் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. ஊருக்கு வந்த பிறகு ஏற வைத்துவிட்டீர்களே, தம்பி?’

எனக்குப் பதில் இல்லை. என்ன பதில் சொல்வேன்? பேர் மாற்றச் செலவாகும் என்று நாங்கள் மிச்சம் பிடித்த பணத்துக்கு அவர் மானம் விலையாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டேன். வந்த காரியத்தையும் சொன்னேன். மனுவில் அவர் கையெழுத்து வேண்டும். நேரில் வர வேண்டும். அதோடு முடியவில்லை, பாண்டும் எழுத வேண்டும். கேட்டபோது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவேன், பறிமுதல் என்று தீர்ப்பானால் வண்டியையோ அதன் மதிப்பையோ கட்டுவேன் என்று எழுதித் தர வேண்டும். வழக்கு முடியும்வரை விற்கவும் கூடாது, பேர் மாற்றவும் கூடாது. யாருடைய வண்டிக்கு? விற்றுப் பணம் வாங்கி மூன்று வருஷம் ஆன வண்டிக்கு. யாருக்காக? உறவுமில்லை, சாதி சனமும் இல்லை; ஒரு காலத்தில் ஒரே ஸ்டாண்டில் வண்டி நிறுத்தியவனின் விதவைக்காக.

அவர் மகன்கள் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பெரியவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2025 மார்ச்சில் மனு போட்டோம். உள்ளதை உள்ளபடியே எழுதினோம்: 2021-ல் விற்றேன், பெயர் மாற்றவில்லை, தவறுதான், வண்டியை வைத்திருப்பது இந்தப் பெண், ஓட்டியது அவள் மகன் என்று. அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். பையன் கையில் என்ன ஆதாரம் இருந்தது தெரியுமா? ஒரு நாற்பது பக்க நோட்டு. என் தங்கை எழுதச் சொல்லி வைத்தது. ஒவ்வொரு நடைக்கும் தேதி, அமர்த்தியவர் பெயர், தொலைபேசி எண், எங்கிருந்து எங்கே, எவ்வளவு வாடகை. அந்த இரவுக்கும் எழுதியிருந்தான். அட்வான்ஸ் வாங்கிய செய்தி தொலைபேசியில் இருந்தது. ‘தெரியாது’ என்பதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன் அல்லவா? இப்படித்தான். வாடகைக் கணக்குக்காக ஒரு தாய் எழுத வைத்த நோட்டு கோர்ட்டில் பேசிற்று.

மே மாதம் உத்தரவு கிடைத்தது. வண்டியைப் படமும் வீடியோவும் எடுத்து, பட்டியல் போட்டு, பெரியவர் ஒன்றரை லட்சத்துக்கு பாண்டு எழுதி, ஜூன் முதல் வாரம் வண்டி வெளியே வந்தது. வந்தது என்று சொல்கிறேன். கட்டி இழுத்து வந்தோம். பாட்டரி இல்லை. ஸ்டெப்னி இல்லை. நான்கு டயரும் வெடித்திருந்தன. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ஓட வைக்க முப்பத்தைந்தாயிரம் ஆயிற்று. தங்கை பம்பரில் மஞ்சள் வைத்தாள். பையன் ஸ்டியரிங்கைப் பிடித்து அழுதான்.

தோழர்களே, இதில் அரசியல் என்ன என்று கேட்கலாம். ஸ்டேஷன் வாசல்களைப் பாருங்கள். அங்கே துருப்பிடித்து நிற்பவை யாருடைய வண்டிகள்? ஆட்டோக்கள், டெம்போக்கள், கடனில் வாங்கிய பைக்குகள். சரக்கின் சொந்தக்காரன் தன் வண்டியில் சரக்கு அனுப்புவதில்லை. அவன் ஏழையின் வண்டியை அமர்த்துகிறான். அகப்பட்டால் ஏழையின் வண்டி போகும், ஏழையின் மகன் போவான். பெருங் கடத்தல்காரர்களின் சொத்தைத் தேடிப் பிடித்து முடக்கவும் 1989-ல் அதே சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அந்த அத்தியாயத்தைச் சட்டம் எவ்வளவு சுறுசுறுப்பாகப் புரட்டுகிறதோ, அவ்வளவுதான் அதன் நியாயம். நீதிமன்றம் இட்ட கெடுவுக்குள் வண்டிகளின் கதி முடிவாக வேண்டும், நிறுத்திவைத்த வண்டியின் பொருள்களுக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மனுவில் கேட்க வேண்டும், தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்கினால் நான் நேர்மையானவன் அல்ல. நம் தெருக்களில் கஞ்சா இருக்கிறது. 2015-ல் தடைப்பட்டியலில் சேர்ந்த எம்.டி. என்ற தூள் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு நடைக்குப் பத்து நடையின் கூலி கிடைக்கிறது என்பது ஓட்டுகிற பையன்களுக்குத் தெரியும். தெரிந்தே வண்டி கொடுத்தவருக்கு 25-வது பிரிவு, கடத்தியவனுக்குள்ள அதே தண்டனையை வைத்திருக்கிறது. தெரிந்தே செய்தவன் நம்மவனாயினும் இந்தச் சங்கம் அவனுக்காக ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போடக்கூடாது. ஒன்றும் அறியாதவன் அகப்பட்டால், வெட்கப்பட்டு ஒளியாமல், அவன் பக்கத்தில் கோர்ட்டு வாசல்வரை நாம் போய் நிற்க வேண்டும். முதல் காரியத்தில் கண்டிப்பாக இருந்தால்தான் இரண்டாவதில் நம் சொல்லை ஊர் நம்பும்.

ஆகவே நான் கேட்பது நான்கே காரியம். வேற்றுப் பெயரில் வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்த மாதமே பெயர் மாற்றுங்கள். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு நடையும் அதில் ஏறட்டும். ஆள் தெரியாத மூட்டையை, ‘இதை மட்டும் அங்கே கொடுத்துவிடு’ என்கிற பையை ஏற்றாதீர்கள். வண்டி பிடிபட்டால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தரகரிடம் போகாதீர்கள், முதல் வாரத்திலேயே சட்ட உதவி மையத்துக்கு வாருங்கள். சங்கத்தில் சொன்னால் நான் கூட வருகிறேன். மராத்தியில் மனு எழுதத் தெரிந்த நம் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை அந்த டெம்போ பெரியவர் பெயரில்தான் ஓடும். அவர் பாண்டு கோர்ட்டில் கிடக்கிறது. என் தங்கை மாதம் பிறந்தால் அவருக்குத் தொலைபேசி செய்து, வண்டி நல்லபடியாக ஓடுகிறது என்று சொல்கிறாள். போன மாதம் அவர் கேட்டாராம்: ‘நோட்டு எழுதுகிறானா?’

எழுதுகிறான், ஐயா என்று சொல்லியிருக்கிறாள். உங்கள் வீட்டு வண்டிக்கும் இன்று இரவே ஒரு நோட்டு வாங்குங்கள்.